எண்ணெய் வைத்த நாள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும் என்பது இந்தத் தொடரை இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

1. அக்கரையில் கலவரம் நடந்த வருஷம், ஆனி மாதத்தில், தனுஷ்கோடியில் கப்பல் இறங்கியவர்களில் சிலரை மண்டபம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சத்திரத்தில் தங்க வைத்தார்கள்.

2. அங்கே நான் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். படிப்பு முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை.

3. பூமயில் என்ற பெண் தன் நாலு வயது மகளோடு வந்து சேர்ந்தாள். புருஷனைப் பற்றித் தகவல் இல்லை.

4. வந்த நாளிலிருந்து அவள் மகளைத் தொடவில்லை.

5. அவளைச் சென்னை மனநோய் மருத்துவமனைக்கும், குழந்தையை அனாதை விடுதிக்கும் அனுப்ப டாக்டர் தாள் தயாரித்தார். சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

6. வியாழக்கிழமை நான் பூமயிலின் தலைக்குப் பேன் மருந்து போட்டேன்.

7. அதன்மூலம், நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு மனிதரை இறந்தவராக்கினேன்.

ஏழாவதைத் தவிர மற்ற ஆறும் சத்திரத்துப் பதிவேட்டில் இருக்கின்றன. ஏழாவதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

பத்தடி மண்

வேலையில் சேர்ந்த அன்று காலையில் நான் பார்த்தது இது.

சத்திரத்துக் கிணற்றடியில் ஒரு பூவரச மரம். அதன் கீழே பூமயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மகள் வள்ளிக்கும் நடுவே பத்தடி மண். வள்ளி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பூவரசங்காய்களைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே மெல்ல நகர்ந்து வருவாள். எட்டடி. ஏழடி. பூமயில் கையை ஊன்றி, வந்த தூரம் அளவுக்குப் பின்னால் போவாள்.

"தள்ளி இரு தாயி. அங்கனயே இரு."

குரலில் கோபம் இல்லை. வள்ளியும் அழவில்லை. இரண்டு பேருக்கும் அது பழகியிருந்தது. வள்ளிக்குச் சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கப் போடுவது எல்லாம் சத்திரத்துக் கொட்டகையில் தங்கியிருந்த மற்றப் பெண்கள். பூமயில் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை சாப்பிட்டு முடித்தபிறகுதான் தன் இலையை எடுப்பாள்.

அன்று என் குறிப்பேட்டில் எழுதியது:

தலை: சிக்கு, பேன். எண்ணெய் கண்டு வெகுநாள்.
நெற்றி: குங்குமம் உண்டு.
தாலிக்கயிறு: தினமும் மஞ்சள் தேய்க்கிறாள்.
பேச்சு: கேட்டால் ஒரு சொல்.
படுக்கை: கொட்டகைக்கு வெளியே, தனியாக.

தலையைக் கவனிக்காதவள் தாலிக்கயிற்றை மட்டும் ஏன் இவ்வளவு கவனிக்கிறாள்? மூன்றாவது வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். கொட்டகையில் எந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்குக் குறிப்பெடுக்கத்தான் தெரியும்.

அவளுக்கு நேர்ந்ததை உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அவள் திருவாடானைப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் இலங்கையின் தெற்கே ஒரு சிறிய ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கும்பல் வந்த மாலையில் கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அடுத்த வீட்டுச் சிங்களத்து அம்மா வள்ளியைத் தன் அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடிக் காப்பாற்றினாள். பூமயில் சந்தைக்குப் பின்னாலிருந்த சாக்கடைப் பாலத்துக்கு அடியில் புகுந்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று பிணங்கள் கிடந்தன. மறுநாள் உச்சிப் பொழுது வரை அவற்றோடு ஒட்டிக் கிடந்தாள்.

கடை எரிந்திருந்தது. அவர் செத்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. உயிரோடு பார்த்தவர்களும் யாரும் இல்லை.

நாங்கள் சிரித்தோமா?

போன வாரம் டாக்டரின் தொப்பியைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி, அவ்வளவு துயரமான இடத்தில் உங்களுக்குச் சிரிக்கவும் முடிந்ததா என்று கேட்டு எழுதியிருக்கிறார். முடிந்தது. சொல்லப்போனால் அந்தச் சத்திரத்தில் சிரித்த அளவுக்கு அதன்பிறகு நான் எந்த வேலையிலும் சிரித்ததில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தங்கச்சிமடத்துக் கடற்கரையில் பிறந்தவள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாகப் பாம்பனில் ரயில் ஏறுவேன். வண்டி பாலத்தில் ஊரும்போது கீழே தண்ணீர் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமுமாக இருக்கும். மண்டபத்தில் இறங்கியதும் கருவாட்டு வாடையும் நிலக்கரிப் புகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் ஏதாவது ரயிலடியில் அந்தப் புகை பட்டால் இடது கை தானாகக் குடையைத் தேடுகிறது.

கப்பலில் வந்தவர்கள் ஓடி வந்த ஓட்டத்திலும் எதையாவது கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் இரண்டு சோப்புக் கட்டி. ஒருத்தி தேங்காய் துருவும் பலகை. இன்னொருவர் பூட்டு மட்டும். வீடு எரிந்துவிட்டது, பூட்டு மிஞ்சியது. மாலை நாலு மணிக்கு எல்லாரும் இலங்கைத் தேயிலையில் சாயம் இறங்க இறங்கத் தேத்தண்ணி போடுவார்கள். எங்கள் கம்பவுண்டர் மீராசா, பெரியபட்டினத்துக்காரர், அந்தத் தேத்தண்ணிக்காகவே நாலு மணிக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடக் கிளம்பிவிடுவார். புண் இல்லாதவர்களுக்கும் கட்டு விழும்.

கொட்டகையின் ராணி அங்கம்மா. ஐம்பது வயது இருக்கும், கொழும்பில் இடியாப்பம் அவித்து விற்றவள். என்னைப் பார்த்ததும், "நர்சம்மா, சேல நல்லா மொடமொடன்னு இருக்கு. ஒக்காந்தா ஒடஞ்சிராது?" என்பாள். அவளுடைய கடையும் எரிந்ததுதான்.

டாக்டரின் கேள்விகள்

டாக்டர் சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர். கலவரத்தில் தப்பியவர்களுக்கு மனம் எப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறிய ஒரு கேள்வித்தாள் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கேட்டு நிரப்புவது என் வேலை. கெட்ட கனவு வருகிறதா? அடிக்கடி அழுகிறீர்களா? காரணமில்லாமல் பயப்படுகிறீர்களா? இப்படி இருபத்திரண்டு.

ஏறக்குறைய எல்லாரும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார்கள். டாக்டருக்கு ஆச்சரியம். எனக்குக் கட்டம் நிரம்பியதில் திருப்தி.

புதுமடத்துக்காரர் ஒருவரிடம் கனவைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்றார். இல்லை என்று எழுதினேன். அவர் போனபிறகு மீராசா மெதுவாகச் சொன்னார்: "கெட்ட கனாவ அடுத்தவங்ககிட்டச் சொல்லக் கூடாதும்மா. எங்க மார்க்கத்துல அப்படித்தான். எந்திரிச்சு அல்லாகிட்டப் பாதுகாப்புத் தேடிட்டு விட்டுறணும். அவரு இல்லன்னுதான் சொல்வாரு."

எங்கள் ஓலைக்குடாப் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவர் ஒருவர், "சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியாச்சு. மறுபடி ஒங்ககிட்டச் சொன்னா, மன்னிப்புக் கெடச்சத நம்பலன்னு ஆயிரும்" என்றார். அவரும் என் தாளில் "இல்லை".

இன்னொருவரை மறக்க முடியாது. முத்துக்கருப்பன் என்ற முதியவர். அவரைக் கடைக்குள் கட்டிவைத்து இரண்டு உள்ளங்காலிலும் பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் சூடு போட்டிருந்தார்கள். தோல் ஆறிவிட்டது. ஆனாலும் கால் தரையில் பாவவில்லை என்று விளிம்பை ஊன்றியே நடந்தார். பயமா என்று கேட்டால் பயமில்லை என்பார். ஆடியில் ஊருக்குப் போய் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்கப்போவதாக நேர்ந்திருந்தார். தீக்கங்கு மேல் நடப்பது! டாக்டர் பதறிப்போனார். சுட்ட காலை மறுபடி சுட்டுக்கொள்வதா என்று கேட்டார்.

"அது அவன் வச்ச நெருப்பு அய்யா. இது நானா எறங்குறது" என்றார் முத்துக்கருப்பன்.

ஆடியில் இறங்கவும் செய்தார். சத்திரம் மூடியபிறகு ஆவணியில் எங்களைத் தேடி வந்தபோது நடையைக் கவனித்தேன். முழுப்பாதமும் மண்ணில் பட்டது. டாக்டர் அதைத் தன் குறிப்பில் எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துக் கடைசியில் எழுதவில்லை.

பூமயிலின் தாளில் மட்டும் ஒரே ஒரு பதில் வேறு மாதிரி இருந்தது. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"உச்சி எரியுது" என்றாள்.

தலைவலி என்று எழுதிக்கொண்டேன்.

பதில் வராத கார்டுகள்

பூமயிலுக்கு ஊரில் ஓர் அண்ணன் இருந்தார், பெயர் கருப்பையா. அவருக்கு நானே என் கையால் இரண்டு கார்டு எழுதினேன். தங்கையும் மருமகளும் பத்திரமாக வந்துவிட்டார்கள், வந்து அழைத்துப் போங்கள் என்று. திருவாடானை ஒன்றும் தொலைதூரம் இல்லை. வாரம் ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பதில் இல்லை.

டாக்டர் முடிவுக்கு வந்தார். தாய் குழந்தையை ஏற்கவில்லை. பிறந்த வீடு தாயை ஏற்கவில்லை. சத்திரத்தை மாதக் கடைசியில் மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதற்குள் தாயை ஒரு இடத்திலும் பிள்ளையை ஒரு இடத்திலும் சேர்க்காவிட்டால் இரண்டு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

"சனிக்கிழமை வரை பார்ப்போம், மிஸ் செசிலி. அவள் பிள்ளையைத் தொட்டால் நான் இந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன்" என்றார்.

நான் பூமயிலிடம் போய் இதைச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். வள்ளி இருந்த பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை

விடுதிக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பும் முன் தலையில் பேன் இல்லை என்று சான்று தரவேண்டும். என் பட்டியலில் அது ஒன்பதாவது. வழக்கமாகத் தேங்காயெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தேய்ப்போம். அன்று மண்ணெண்ணெய் இல்லை. மீராசா சீத்தாப்பழ விதையைப் பொடித்து நல்லெண்ணெயில் குழைத்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். சிக்குப் போக அலச அரப்பும் கொடுத்தார்.

கிணற்றடிக்குப் போனேன். அவள் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையைக் காட்டச் சொன்னேன். கிண்ணத்தில் என்ன என்று திரும்பிப் பார்த்தாள். வாசனை பிடித்தாள்.

"நல்லெண்ணெயா?"

ஆமாம் என்றேன்.

அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். வள்ளி பத்தடி தூரத்தில் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எனக்கு என்ன முற வேணும்?" என்று பூமயில் கேட்டாள்.

அவள் தானாக என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோயாளி தானாகப் பேச்சுக் கொடுத்தால் அன்பாகப் பதில் சொல்லவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கான்னு வச்சுக்கயேன்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

உச்சியில் எண்ணெயை வைத்து அழுத்தினேன். பிறகு சிக்குச் சிக்காக எடுத்துத் தேய்த்தேன். அரப்புப் போட்டு அலசி, கிணற்றிலிருந்து ஏழெட்டு வாளி இறைத்துத் தலையோடு ஊற்றினேன். முழு நேரமும் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குளிர்ச்சி என்று நினைத்தேன்.

ஈரத்தோடு எழுந்தாள். நேராகப் போய் வள்ளியைத் தூக்கினாள்.

டப்பா கீழே விழுந்து பூவரசங்காய்கள் உருண்டு ஓடின. வள்ளி முதலில் திமிறினாள். பிறகு அம்மாவின் ஈரக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். நான் கையில் சீப்போடு நின்றேன். குறிப்பேட்டை எடுக்கத் தோன்றவில்லை.

பூமயில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

கொட்டகையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அங்கம்மாதான் முதலில். வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு மாறி மாறி எடுத்துக் கொடுத்தார்கள். பூமயில் தன் புருஷன் தட்டிய ரொட்டியைச் சொன்னாள், அவர் ஆற்றிய தேத்தண்ணியைச் சொன்னாள், கடைக்கதவைச் சாத்தப் போன கையைச் சொன்னாள். மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் ஆட்களைச் சொன்னார்கள். என் தாளில் "அடிக்கடி அழுகிறீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொன்ன அத்தனை பெண்களும் அங்கே இருந்தார்கள்.

டாக்டர் ஓடி வந்தார். ஒருத்தியின் வெறி மற்றவர்களுக்கும் தொற்றிவிட்டதென்று அவர் பயந்தார். தூங்க வைக்கும் ஊசி போடவேண்டும் என்றார். மீராசா ஊசியைக் கொதிக்க வைக்கப் போனார். பத்து நிமிஷம் கழித்து டாக்டர் கேட்டபோது, "இன்னும் கொதி வரல சார்" என்றார். அரைமணி கழித்தும் கொதி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

எண்ணெய் ஒன்றுதான்

அழுது ஓய்ந்தபிறகு அங்கம்மா என்னைத் தேடி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"பேனு பாக்கப் போயி பதினாறாம் நாளு காரியத்த முடிச்சுட்டியே நர்சம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் உட்கார வைத்துச் சொன்னாள். அவர்கள் ஊர்ப்பக்கம் சாவு விழுந்த வீட்டில், பதினாறாம் நாள், முறைக்காரர் ஒருவர் உச்சியில் நல்லெண்ணெய் வைத்து அரப்புப் போட்டுத் தலை முழுகச் செய்வார். அதோடு தீட்டுப் போகும். அதுவரை எண்ணெயும் கிடையாது, சீப்பும் கிடையாது.

"அவளுக்குத் தீட்டு ரெண்டு. பொணத்துக்கூடக் கெடந்த தீட்டு ஒண்ணு. அதோட பிள்ளையத் தொட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு தள்ளித் தள்ளி இருந்தா. அதக் கழிக்கணும்னா எண்ணெ வைக்கணும். வச்சா, புருசன் செத்ததுக்கும் வச்சதாயிரும். எண்ணெ ஒண்ணுதான நர்சம்மா. இதுக்குத் தனி, அதுக்குத் தனின்னு இருக்கா?"

தாலிக்கயிற்றுக்கு எதிரே நான் போட்ட கேள்விக்குறிக்கு அப்போதுதான் விடை வந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மஞ்சள். பிணத்தோடு கிடந்ததற்கு எண்ணெயில்லாத் தலை. அவள் இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் தாளிலும் என் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை.

நான் செய்தது என்ன என்று எனக்கு உடனே உறைத்தது. காரணம், எங்கள் தெருவிலும் இப்படி ஒன்று உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், உடல் கிடைக்காவிட்டால், மாதா கோயிலில் துக்க மணி எப்போது அடிப்பது என்ற கேள்வி வரும். எங்கள் சின்னையா கடலில் காணாமல் போனபோது சாமியார் அம்மாவையோ அய்யாவையோ கேட்கவில்லை. சின்னம்மாவைத்தான் கேட்டார். அவர் சொல்கிற வரை மணிக்கயிற்றை யாரும் தொடக்கூடாது. சின்னம்மா கார்த்திகையிலிருந்து மாசி வரை சொல்லவில்லை. தெருவே காத்திருந்தது. மாசியில் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து போய், "அடிச்சிருங்க சாமி" என்றார்.

யாராவது அவருக்கு முன்னால் போய் அந்தக் கயிற்றை இழுத்திருந்தால் எங்கள் தெரு இழுத்தவரை மன்னித்திருக்காது. நான் பூமயிலுக்கு அதைத்தான் செய்திருந்தேன்.

மீராசாவிடம் சொன்னேன். அவர் தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார். பெரியப்பா பர்மாவிலிருந்து திரும்பாதபோது மார்க்கம் கற்ற ஆலிம் பெரியம்மாவைக் காத்திருக்கச் சொன்னாராம். பெரியம்மா காத்திருந்தே காலமானார். "அவுங்கவுங்களுக்கு ஒரு வழி இருக்கும்மா. எது லேசுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அந்த ஞாயிறு நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். எந்தக் கட்டளையை மீறினாய் என்று சாமியார் கேட்டார். பத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை.

கருப்பையா

ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். டாக்டர் கையெழுத்துப் போடவேண்டிய நாள்.

காலை பத்து மணிக்குச் சத்திரத்து வாசலில் கருவாட்டு லாரி ஒன்று நின்றது. உயரமான ஒருவர் இறங்கினார். அங்கம்மா அதே லாரியில் வியாழக்கிழமை திருவாடானைச் சந்தைக்குச் செய்தி அனுப்பியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவர் மருந்தறைக்குள் வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"எம் மச்சானுக்கு எண்ணெ வச்சது யாரு?"

நான் என்றேன்.

"செத்தத நீங்க பாத்தீகளா?"

இல்லை என்றேன். தலையில் பேன் இருந்தது என்றும் சொன்னேன்.

"பேனு" என்றார். அவ்வளவுதான். டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கார்டு போட்டும் வராதவர் இப்போது வந்து கேள்வி கேட்பதா என்று டாக்டர் கேட்டார்.

கருப்பையா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

"ரெண்டு கார்டும் வந்துச்சு. வாத்தியாரு வாசிச்சுச் சொன்னாரு. மனசு இல்லாம இருக்கல நர்சம்மா. இப்படி நிக்கிற தங்கச்சியப் பாக்க வெறுங்கையோட வர முடியாது. கோடி எடுத்துக்கிட்டு வந்தா, மச்சான நானே கொன்னதாயிரும். நான் வராம இருக்குற வரைக்கும் அவரு இருக்காரு. கப்பல்ல வந்து எறங்கட்டும்னுதான் இருந்தேன்."

கோடி என்றால் புதுச் சேலை. புருஷன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் வெள்ளைச் சேலை. அண்ணன் வந்தால் கோடியோடு வரவேண்டும். அதனால் அண்ணன் வரவில்லை. அதை நாங்கள், பிறந்த வீடு கைவிட்டது என்று தாளில் எழுதியிருந்தோம்.

பூமயில் வாசலுக்கு வந்துவிட்டாள். வள்ளி இடுப்பில் இருந்தாள். இரண்டு நாளாக அவளை இறக்கிவிடவே இல்லை.

"அண்ணே, அவுகள வையாத" என்றாள். "அக்கா தெரியாமத்தான் வச்சாக. நான் தெரிஞ்சுதான் தலையக் குடுத்தேன்."

கருப்பையா அவள் இடுப்பிலிருந்த வள்ளியைப் பார்த்தார்.

"அவுக இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியல. இவ இருக்கா. எத்தன நாளைக்கு இவளத் தள்ளி இருன்னு சொல்றது?"

அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். வள்ளி இடுப்பிலிருந்தபடி அவரையே பார்த்தாள். யாரும் யாரையும் தேற்றவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தார்.

"இங்கன ஜவுளிக்கடை எங்கன இருக்கு?" என்று மீராசாவைக் கேட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "எண்ணெ வச்ச அக்காளும் வரணும்" என்றார்.

போனேன். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே வெள்ளையை எடுத்துப் போட்டார். திரும்பும்போது கருப்பையா, சேலையின் ஒரு நுனியைத் தானும் மறு நுனியை நானும் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும் என்றார். ரயிலடித் தெருவில், நல்ல வெயிலில், அப்படியே நடந்தோம்.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். பூமயிலின் அட்டையில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதி, என்ன சிகிச்சை கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். பேன் மருந்து என்றேன். அதையே எழுதினார்.

இப்போது

அந்தச் சத்திரம் புயலுக்குப் பிறகு பாழடைந்து கிடக்கிறது. கப்பல் வந்து நின்ற துறையும் இல்லை. அங்கம்மா மதுரையில் இடியாப்பம் அவிக்கிறாள். மீராசா வேலையை விட்டுப் பெரியபட்டினத்துக்கே போய்விட்டார். சாயம் இறங்கிய தேத்தண்ணி கிடைக்கிற இடமெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

பூமயில் அண்ணன் ஊரில் இருக்கிறாள். சாயங்காலம் தேங்காய் ரொட்டி தட்டி விற்கிறாள். வள்ளி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

அவள் புருஷனைப் பற்றிக் கொழும்புக்கு மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று. மூன்று முறையும் தகவல் இல்லை என்று வந்தது. இறந்த நாள் யாருக்கும் தெரியாததால், நான் எண்ணெய் வைத்த நாளையே அவருடைய திதியாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளுக்குக் கருப்பையா எனக்கு ஆள் சொல்லி அனுப்புவார். முறைக்காரியாகப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். பூமயிலின் புருஷன் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அவர் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வருஷம் அது வருகிற வியாழக்கிழமை வருகிறது. ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். இன்னும் உத்தரவு வரவில்லை.